மாதாவின் காலடியில் வைத்த கல்வி நிதிக் கடிதம்

சேசுவில் பிரியமானவர்களே, என் பெயர் ரெஜினா. நான் ஒரு பயந்தாங்கொள்ளி. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியைச் சொல்வது எனக்குச் சுலபம். இடி இடித்தால் இன்றைக்கும் காதைப் பொத்திக்கொள்கிறேன். இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மிரட்டினவள் என்று யாரும் நம்ப மாட்டார்கள். என் பயத்தின் நடுவில் மாதா எனக்குச் செய்த உபகாரத்தை எழுதித் தரும்படி பங்குச் சாமியார் கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது. எழுதவும் பயம்தான். இப்போது எழுதுகிறேன்.

யுத்தம் முடிந்த மறு வருஷம், கார்த்திகை மாதம். மழை விட்டபாடில்லை. கடல் கொந்தளித்துக்கொண்டிருந்ததால் சாந்தோம் கரையில் ஒரு கட்டுமரமும் இறங்கவில்லை. நான் இண்டர்மீடியட் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குப்பத்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் நான்தான். ஒரு திங்கட்கிழமை கல்லூரியிலிருந்து திரும்பியபோது தபால்காரர் வாசலிலேயே கடிதத்தைக் கையில் கொடுத்தார். கல்வி நிதியின் ஊதா முத்திரை குத்திய உறை. இங்கிலீஷில் ஆறு வரிதான்.

மனுவில் எழுதியதற்கும் வீட்டில் நேரில் கண்டதற்கும் பொருத்தம் இல்லை. ஆகவே உதவி நிறுத்திவைக்கப்படுகிறது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெற்றோருடன் வந்து விளக்கம் சொல்ல வேண்டும். மனு பொய் என்று ஏற்பட்டால் மேல் நடவடிக்கை எடுக்கப்படும். இவ்வளவுதான் கடிதம்.

அந்த 'மேல் நடவடிக்கை' என்னைக் கொன்றுவிட்டது. யுத்த காலத்தில், குண்டுவீச்சுக்குப் பயந்து விளக்கே ஏற்றக் கூடாது என்ற இருட்டடிப்பு நாள் ஒன்றில், கரையில் லாந்தர் ஏற்றினார் என்று ஒரு போலீஸ்காரர் என் அப்பாவின், நான் நைனா என்று கூப்பிடுகிறவரின், சட்டையைப் பிடித்து இழுத்துப் போனதை நான் பார்த்திருக்கிறேன். மறுநாள் திரும்பி வந்த நைனா ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. இப்போது என்னால் அவரை மறுபடியும் இழுத்துப் போவார்கள் என்று என் மனசு சொல்லிற்று. வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

அந்த நிதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தியாகராய நகரில் ஜவுளிக்கடையும் நகைக்கடையும் வைத்திருந்த தெற்கத்தி வியாபாரிகள் சிலர் சேர்ந்து, சென்னையிலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் இருக்கிற ஏழைப் பிள்ளைகளைக் கல்லூரியில் படிக்க வைத்தார்கள். கல்லூரிச் சம்பளத்தைக் கட்டிவிட்டுக் கைகழுவுகிறவர்கள் அல்ல. புத்தகங்களை அவர்கள் அலமாரியிலிருந்தே கொடுப்பார்கள். கிழிக்காமல் படித்துத் திருப்பித் தந்தால் அடுத்த பிள்ளைக்குப் போகும். சனிக்கிழமை தோறும் தங்கள் கடை மாடி அறையில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பார்கள். விளக்குக்கு மண்ணெண்ணெய் இருக்கிறதா, மத்தியானம் சாப்பிடுகிறாயா என்றுகூடக் கேட்பார்கள். சேர்ந்தவர்கள் அத்தனை பேரும் படித்து முடிக்க வேண்டும் என்பது அவர்கள் பிடிவாதம். நைனா அடுத்தவர் கட்டுமரத்தில் கூலிக்குப் போகிறவர். அம்மா கூடை சுமந்து ராயப்பேட்டைப் பக்கம் மீன் விற்கிறவள். அந்த நிதி இல்லாவிட்டால் எனக்கும் ஒரு கூடைதான்.

அந்த வருஷம் மனுக்கள் அதிகம் வந்துவிட்டதால், ஒவ்வொரு பிள்ளையின் வீட்டையும் நேரில் பார்த்துவர ஒருவரை நியமித்தார்கள். மயிலாப்பூர் கோமளம் அம்மாள். அவர் வரப்போகிறார் என்று தெரிந்ததும் என் அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வீட்டில் எது இல்லையோ அதை மற்ற வீடுகள் கொடுக்கும். பாய், குத்துவிளக்கு, புடவை எல்லாம் வரும். வருகிற சம்பந்திக்கும் இது தெரியும். அவர்கள் வீட்டிலும் இதேதானே நடக்கிறது. யாரும் இதை ஏமாற்று என்று நினைப்பதில்லை, மரியாதை என்றுதான் நினைப்போம். அம்மாவுக்கும் அதுதான் தெரியும். தையற்கடை காதர் பாய் தன் கடை நாற்காலியைக் கொடுத்தார். அடுத்த வீட்டு ஆரோக்கியம் அக்கா சுவர்க் கடிகாரத்தைக் கொண்டுவந்து மாட்டினார். அது ஓடாது, ஆனால் பார்க்க லட்சணமாக இருக்கும். தோணி முதலாளி வீட்டுச் செசிலி அக்கா தன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டு, ஒரு வெள்ளி டம்ளரையும் கொடுத்தார். வெள்ளிக்குத் தீட்டு இல்லையாம். அதனால் ஐயர் வீட்டு அம்மா அதில் காப்பி குடிப்பார் என்று அம்மா யாரிடமோ கேட்டுவைத்திருந்தாள்.

கோமளம் அம்மாள் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார், என் கழுத்தைப் பார்த்தார். டம்ளரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். காப்பி ஆறிப்போயிற்று. நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு, "சரி, நான் வரட்டுமா" என்று கிளம்பிவிட்டார். அவர் போனதும் அம்மா, "நம்ம வூட்ட அந்தம்மாவுக்குப் புட்ச்சிப்போச்சி" என்று தெரு முழுக்கச் சொன்னாள். எட்டாம் நாள் கடிதம் வந்தது.

இதை எப்படி அம்மாவிடம் சொல்வது? நீ செய்த மரியாதைதான் என் படிப்புக்கு எமனாகிவிட்டது என்றா? அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நைனாவுக்கும் தெரியாது. நான் சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரியப்போவதில்லை என்று கடிதத்தை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை, முதல் பூசைக்கும் முன்னால், குப்பத்து மாதா கோயிலுக்கு ஓடினேன். நான் செபித்ததை வெட்கத்தோடு சொல்கிறேன். சனிக்கிழமை தியாகராய நகரே வெள்ளத்தில் மூழ்க வேண்டும் என்று செபித்தேன். கோமளம் அம்மாளுக்குக் காய்ச்சல் வர வேண்டும் என்று செபித்தேன். புதன்கிழமையும் அப்படித்தான். மாதாவைத் துதிக்கிற பிரியதத்த மந்திரம் வாயில் ஓடிக்கொண்டிருந்தது, மனசில் போலீஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். சோறு இறங்கவில்லை.

"இன்னா பொண்ணு, மூஞ்சி ஏன் பேயறஞ்ச மாதிரி கீது?" என்று நைனா கேட்டார்.

"பரீட்சை வருது நைனா" என்றேன். அதுவும் பொய்.

வியாழக்கிழமை காலை என்னால் முடியவில்லை. மாதா சுரூபத்துக்கு முன்னால் விழுந்து அழுதேன். அன்றைக்குத்தான் சரியாகச் செபித்தேன் என்று நினைக்கிறேன். "தாயே, எனக்குப் பயமாக இருக்கிறது. உண்மையைச் சொன்னால் அம்மாவுக்கு அவமானம். பொய் சொன்னால் படிப்பு போயிற்று. எனக்கு வழி தெரியவில்லை. நீயே பார்த்துக்கொள்" என்றேன். எங்கள் கோயிலில், கேட்க வேண்டியதைச் சீட்டில் எழுதி மாதாவின் காலடியில், பூச்சாடிக்கு அடியில் வைப்பது வழக்கம். அதை வேறு யாரும் தொட மாட்டார்கள். என்னிடம் எழுதக் காகிதமும் இல்லை, எழுத உடம்பில் தெம்பும் இல்லை. அந்தக் கடிதத்தையே உறையோடு எடுத்துப் பூச்சாடிக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை காலை, இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பினேன். சாந்தோமிலிருந்து லஸ் வழியாக, தேனாம்பேட்டை தாண்டி, தியாகராய நகர் வரைக்கும் நடந்தேன். மழையும் இல்லை, வெள்ளமும் இல்லை. பெற்றோருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்ல வேண்டியதை வழி முழுக்க ஒப்பித்துக்கொண்டு போனேன். ஜவுளிக்கடை மாடியில் நிதியின் அலுவலகம்.

உள்ளே செயலாளரும் கோமளம் அம்மாளும் இருந்தார்கள். காய்ச்சல் எதுவும் இல்லாமல் அவர் திடமாகத்தான் இருந்தார்.

செயலாளர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நல்ல மனுஷர்தான், ஆனால் அன்றைக்கு முகத்தில் சிரிப்பு இல்லை. "அப்பா அம்மா எங்கம்மா?" என்றார்.

ஒப்பித்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

"பயப்படாம சொல்லு. அந்தச் சங்கிலி உங்க வீட்டுதுதானா? நாங்க ஒருத்தருக்குக் கொடுத்தா இன்னொருத்தருக்கு இல்லைன்னு சொல்லுதோம். வெளிய எத்தனை பிள்ளைக நிக்குது தெரியுமா?"

ஆமாம் என்றால் எல்லாம் முடிந்தது. இல்லை என்றால் என் அம்மா பொய்க்காரி. மாதாவே, மாதாவே என்று அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டேன். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் எனக்குத் தெரியவில்லை. செயலாளர் பேனாவை எடுத்தார்.

அப்போது மாடிப்படியில் ஏதோ இடிபடுகிற சத்தம் கேட்டது. போலீஸ் வந்துவிட்டது என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வாசலில் ஒரு நாற்காலி வந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே காதர் பாயின் தலை. அவருக்குப் பின்னால் செசிலி அக்கா. அப்புறம் கடிகாரத்தைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நைனா. கடைசியாக என் அம்மா, இடுப்பில் வெறும் கூடையோடு.

அம்மா எல்லாரையும் நீ என்றுதான் சொல்வாள், சாமியாரைக்கூட. கோமளம் அம்மாளைப் பார்த்து, "தோ பாரும்மா, இந்த நாக்காலி இவரோட்து. கடியாரம் எங்க தெருவுல ஆரோக்கியத்தோட்து, அது ஜொரத்துல பட்த்துக்கினு கீது. சங்கிலியும் டம்ளரும் இவளோட்து. எங்க வூட்ல கீற பொருளு இந்தக் கூடதான். அதையும் எட்த்தாந்துட்டேன், பாத்துக்கோ" என்றாள்.

"நாற்காலி என் கடையில இருக்கிறதுங்க. அளவு கொடுக்க வர்றவங்க உக்கார்றது. ஒரு நாளைக்குக் கொடுத்தேன்" என்றார் காதர் பாய்.

"எதுக்கும்மா இப்படிச் செஞ்சிய?" என்று செயலாளர் கேட்டார்.

அம்மாவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "பொண்ணு பாக்க வர்றவங்களுக்கே செய்யறோமே சாமி. எம் பொண்ணு படிக்கிறத பாக்க ஒரு அம்மா மொதோ மொதோ எங்க வூட்டுக்கு வருது. வெறுந்தரையிலயா குந்த வெப்பேன்?"

கோமளம் அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எத்தனையோ ஆத்துக்குப் போய்ண்டிருக்கேன்" என்றார் செயலாளரிடம். "இருக்கறதை ஒளிச்சு வெச்சுண்டு இல்லேன்னவாளைப் பார்த்திருக்கேன். இல்லாததை இரவல் வாங்கி எனக்காக வெச்சவாளை இன்னிக்குத்தான் பாக்கறேன். நான் எழுதினது தப்பு. அதை அடிச்சுடுங்கோ." பிறகு என் அம்மாவைப் பார்த்து, "அடுத்த தரம் வந்தா உங்காத்து டம்ளர்லயே குடுங்கோ. குடிப்பேன்" என்றார்.

செயலாளர் அந்த இடத்திலேயே உத்தரவை ரத்து செய்தார். பரீட்சைக் கட்டணத்தையும் நிதியே கட்டும் என்றார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் பயத்தையும் அந்த மாடியில் அழுது தீர்த்தேன்.

திரும்பி வரும்போதுதான் கேட்டேன். "உனக்கு யார்மா சொன்னது?"

மாதா கோயிலைக் கூட்டுகிறவர் ஆரோக்கியம் அக்கா. அவர் சீட்டுகளைத் தொட மாட்டார். வெள்ளிக்கிழமை அவருக்குக் காய்ச்சல். கோமளம் அம்மாளுக்கு நான் கேட்ட காய்ச்சல் வழி தவறி எங்கள் அடுத்த வீட்டுக்கு வந்ததோ என்னவோ, அந்தப் பாவத்தை அப்புறம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். அவருக்குப் பதிலாகக் கோயிலைக் கூட்டப் போனது என் அம்மா. பூச்சாடிக்கு அடியில் ஊதா முத்திரை தெரிந்தது. எழுத்துத் தெரியாவிட்டாலும் மகள் பேருக்கு மாதந்தோறும் வருகிற உறையை அவளுக்குத் தெரியாதா? எடுத்துக்கொண்டு நேராகக் காதர் பாயிடம் போயிருக்கிறாள். துரைகளுக்குத் தைத்துக் கொடுத்ததில் அவருக்கு இங்கிலீஷ் படிக்க வரும். அவர் படித்துச் சொன்னதும் அம்மா அழவில்லையாம். நாளைக்குக் காலையில் நாற்காலியை எடுத்துக்கொண்டு வா என்று மட்டும் சொன்னாளாம். நான் பயந்து தடுத்துவிடுவேன் என்று என்னிடம் மூச்சு விடவில்லையாம்.

சகோதர சகோதரிகளே, நான் வழி கேட்டேன். வழி எனக்குப் பக்கத்துப் பாயில்தான் படுத்திருந்தது. என் பயத்தில் அது எனக்குத் தெரியவில்லை. மாதாவுக்குத் தெரிந்தது.

இண்டர்மீடியட்டில் தேறினேன். அந்த நிதி என்னை பி.ஏ. வரைக்கும் கைவிடவில்லை. ஆசிரியை ஆனேன். எனக்குப் பின்னால் எங்கள் குப்பத்திலிருந்து ஏழு பெண்கள் அதே நிதியில் படித்தார்கள். ஒருத்தி இன்று நர்சாக இருக்கிறாள். கோமளம் அம்மாள் சொன்னபடி வந்தார். பாயில் உட்கார்ந்து எங்கள் பித்தளை டம்ளரில் காப்பி குடித்தார். சர்க்கரை கூட என்று குறையும் சொன்னார்.

நான் தைரியசாலி ஆகிவிடவில்லை. இன்றைக்கும் நீளமான உறை வந்தால் கை நடுங்குகிறது. ஆனால் அதை ஒளித்து வைப்பதில்லை. உங்களில் யாருக்காவது இப்போது வயிற்றைப் பிசைகிற பயம் ஏதாவது இருந்தால், தைரியம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடுங்குகிற கையோடேயே போய் அந்தத் தாயின் காலடியில் வையுங்கள், அவள் பார்த்துக்கொள்வாள். நான் செய்த தப்பை மட்டும் செய்யாதீர்கள். மாதாவிடம் அழுததை உங்கள் அம்மாவிடம் மறைக்காதீர்கள்.