மிசுதா மாரியின் இரண்டாம் கல்யாணம்

ஜப்பானின் அமாகசாகி நகரில் மாநகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மிசுதா ஷிகேஹாருவுக்கு எல்லாவற்றைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. வேலையில் இருந்த காலமெல்லாம் அவர் தலைக்கு மேலே "வண்டி ஓடும்போது ஓட்டுநரிடம் பேசாதீர்கள்" என்று எழுதியிருந்தது. பயணிகள் பேசவில்லை. அவரும் பேசவில்லை. பேசாத பேச்செல்லாம் உள்ளேயே அடைந்து கிடந்து, ஓய்வு பெற்ற மறுநாள் காலை முதல் மடை திறந்த மாதிரி வெளியே வரத் தொடங்கியது.

ஸ்டேஷன் பக்கத்துக் கடைத்தெருவில் நாகாவோ என்பவரின் காப்பிக்கடை அவருக்கு மேடை. காலையில் காப்பி வாங்கினால் தடிமனான டோஸ்டும் அவித்த முட்டையும் கூடவே வரும். முட்டை ஓட்டை உரிப்பதற்குள் அரிசி விலையை முடித்துவிடுவார். வெண்ணெய் தடவும்போது கியோத்தோவில் சூட்கேஸை உருட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறும் சுற்றுலாக்காரர்கள். கடைசி வாய் காப்பிக்கு சூப்பர் மார்க்கெட்டில் நாமே பில் போட்டுக்கொள்ளும் இயந்திரம்.

"நான் வேலை பார்த்துட்டு நானே காசும் குடுக்கணுமாம். என்னய்யா நியாயம் இது?"

"நீங்கதான் அந்த மெஷின் பக்கமே போறதில்லையே, அண்ணே. உங்க வீட்டம்மாதானே சாமான் வாங்கறாங்க" என்பார் நாகாவோ.

"கொள்கையைப் பத்திப் பேசறேன்யா."

வீட்டில் கேட்பவர் மனைவி மாரி. சூப்பர் மார்க்கெட்டில் மீன் பிரிவில் பாதி நாள் வேலை. கானாங்கெளுத்தியின் முள்ளை எடுத்துக்கொண்டே "அப்படியா", "ஓஹோ", "இருக்கும் இருக்கும்" என்ற மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்வார். மாரிக்குச் சொந்தமாக அபிப்பிராயம் இருக்கக்கூடும் என்று ஷிகேஹாருவுக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

ஷிகேஹாருவின் ஒரே மனக்குறை தொலைக்காட்சி. அந்தக் கடைத்தெருவுக்கு அவ்வப்போது செய்திக்காரர்கள் கேமராவோடு வந்து, போகிறவர் வருகிறவரை நிறுத்திக் கருத்துக் கேட்பார்கள். அந்தச் சேதி காதில் விழுந்தால் ஷிகேஹாரு நல்ல தொப்பியைப் போட்டுக்கொண்டு, தற்செயலாக வருவது போல அந்தப் பக்கம் நடப்பார். முதல் தடவை அரிசி விலையைப் பற்றிக் கேட்டார்கள். அரசாங்கத்தின் சேமிப்புக் கிடங்கில் ஆரம்பித்து விவசாயிகளின் வயது வரைக்கும் விரிவாகப் பேசினார். மாலையில் ஒளிபரப்பானது இவ்வளவுதான்: "நான் ரொட்டி சாப்பிடுவேன்." அடுத்த கோடையில் வெயிலைப் பற்றிக் கேட்டார்கள். அதில் அவர் கழுத்தைத் துடைத்துக்கொள்வது மட்டும் வந்தது. வாயே திறக்கவில்லை.

"வெட்டறதுக்குன்னே ஒருத்தனைச் சம்பளம் குடுத்து வெச்சிருக்கானுங்க" என்று ஒரு வாரம் பொருமினார்.

"இருக்கும் இருக்கும்" என்றார் மாரி.

இந்த முறை கேமரா வந்தபோது ஷிகேஹாரு தயாராக இருந்தார். சுருக்கமாகப் பேசுவது என்று தீர்மானம். நாலே வாக்கியம் பேசினால் எவன் எதை வெட்டுவான்?

மைக் பிடித்த பெண் சிரித்த முகமாகக் கேட்டாள். "ஐயா, கல்யாணமானா ரெண்டு பேருக்கும் ஒரே குடும்பப் பேருதான் இருக்கணும்ங்கறது சட்டம். விருப்பப்பட்டா அவங்கவங்க பேரையே வெச்சுக்கலாம்னு மாத்தணும்னு ஒரு பேச்சு ஓடுது. நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

ஷிகேஹாரு தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "ஒரு வீட்டுக்கு ஒரு பேரு. அதான் குடும்பம். எங்க வீட்ல இதனால ஒரு பிரச்சனையும் வந்ததில்ல. வேணும்னா என் பொண்டாட்டிகிட்டயே கேட்டுப் பாருங்க."

அந்தப் பெண் தாழக் குனிந்து வணங்கினாள். ஷிகேஹாருவும் வணங்கிவிட்டு நேராக நாகாவோ கடைக்குப் போனார். "சாயங்காலம் எல்லாரும் இங்க வந்துடுங்க. இந்தத் தடவை முழுசா வரும்" என்று காய்கறிக்கடைக்காரர் வரைக்கும் சொல்லி வைத்தார். வீட்டுக்கு வந்து மனைவியிடமும் சொன்னார்.

"அப்படியா" என்றார் மாரி. பிறகு, "எதைப் பத்திக் கேட்டாங்க?" என்றார். அப்படி அவர் திருப்பிக் கேட்பது அபூர்வம். பதிலைக் கேட்டதும் கையிலிருந்த வெங்காயத்தாளை நறுக்குப்பலகையில் வைத்துவிட்டு, "நீங்க போய்ட்டு வாங்க. எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு" என்றார்.

மாலையில் காப்பிக்கடை நிரம்பியிருந்தது. ஷிகேஹாரு டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். செய்தி வந்தது. அவர் வந்தார். தொப்பி, நாலு வாக்கியம், கடைசிச் சொல் வரைக்கும் ஒன்றுகூட வெட்டுப்படவில்லை. "என் பொண்டாட்டிகிட்டயே கேட்டுப் பாருங்க." கடையே கைதட்டியது. ஷிகேஹாரு எழுந்து நின்று வணங்கப் போனார்.

திரையில் அடுத்த ஆள் வந்தார். கைப்பையில் வெங்காயத்தாள் நீட்டிக்கொண்டிருந்தது. மாரி.

"எனக்கா? எனக்கு என் பழைய பேரு வேணும்" என்றார் திரையில் இருந்த மாரி. தயக்கமே இல்லை. "நான் கட்டிக்கிட்டது மிசுதாங்கற குடும்பத்துல. என் பேரு மாரி. சேர்த்துச் சொல்லிப் பாருங்க."

மைக் பிடித்த பெண் மனதுக்குள் சொல்லிப் பார்த்தது முகத்திலேயே தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். மிசுதாமாரி என்றால் மழை பெய்து தெருக்குழியில் தேங்கி நிற்கும் தண்ணீர்.

"சிரிங்க, பரவாயில்ல. ஆஸ்பத்திரியில எல்லாரும் சிரிக்கறாங்க. 'மிசுதா மாரி சான்'னு மரியாதையாக் கூப்பிட்டதும் சின்னப் பசங்க தரையைப் பார்க்குதுங்க. ஒரு தாத்தா செருப்பைத் தூக்கிக்கிட்டு ஒதுங்கினாரு. கல்யாணத்துக்கு முன்னாடி நான் அசாகிரி மாரி. அசாகிரின்னா காலைப் பனி. பனியாப் பொறந்தவ, குட்டையா ஆயிட்டேன்."

செய்தி வாசிப்பவர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் இருந்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். ஷிகேஹாருவும் மாரியும் புருஷன் பெண்டாட்டி என்பது அங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் காப்பிக்கடையில் எல்லோருக்கும் தெரியும். முதலில் காய்கறிக்கடைக்காரர் வாயிலிருந்து காப்பி தெறித்தது. அதற்கப்புறம் யாரையும் அடக்க முடியவில்லை.

"அண்ணே, கேட்டுப் பாருங்கன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார் நாகாவோ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

ஷிகேஹாரு வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் கேட்டார். "என்ன மாரி இது?"

"காலையில வெங்காயத்தாள் வாங்கிட்டு வரும்போது மைக்கை நீட்டினாங்க. காட்டுவாங்கன்னு நான் கண்டேனா? உங்களை எப்பவும் வெட்டிடறாங்களே, என்னையும் வெட்டிடுவாங்கன்னுதான் மனசுல இருந்ததைச் சொன்னேன்."

"இத்தனை வருஷமா ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"கல்யாணமான வாரமே சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சீங்க. மறுநாள் டிப்போவுல போய் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்தீங்க. மழை பெய்யற அன்னிக்கெல்லாம் உங்க ஆளுங்க 'வீட்டம்மா சௌக்கியமா'ன்னு கேப்பாங்க."

ஷிகேஹாருவுக்கு நினைவு வந்தது. நல்ல நகைச்சுவை என்றுதான் அப்போது நினைத்திருந்தார்.

"அது விளையாட்டுக்கு. அதை நீ பெரிசா எடுத்துக்கலைன்னு..."

"நம்ம பொண்ணு பொறந்தப்போ என் பேரை வெச்சு மாரிகோன்னு கூப்பிடலாம்னு எங்கப்பா சொன்னாரு. அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

ஷிகேஹாரு குனிந்து செருப்பைக் கழற்றத் தொடங்கினார்.

"'பள்ளிக்கூடத்துல கேலி பண்ணுவாங்க, பாவம் குழந்தை'ன்னு சொன்னீங்க. பக்கத்துலதான் நான் படுத்திருந்தேன்."

அன்று இரவுச் சாப்பாட்டில் ஷிகேஹாரு எதைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. காப்பிக்கடையில் முட்டையை உரித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். உடம்பு சரியில்லையோ என்று நாகாவோ பயந்துபோய் இன்னொரு முட்டை கொடுத்தார்.

அதற்கு அடுத்த நாள் அவர் தானாகவே நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாளிடம், தன் மனைவியின் பெயரை மட்டும் பழையபடி மாற்ற வழி உண்டா என்று கேட்டார். அந்த அம்மாள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். செய்தி பார்க்கிறவள் போலிருக்கிறது. பொறுமையாக விளக்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் ஷிகேஹாரு மனைவிக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தார். "உன் பேரை மட்டும் மாத்த சட்டத்துல நேர் வழி இல்லையாம். ஒரே வழிதான் இருக்கு. நாம விவாகரத்து பண்ணிக்கணும். பண்ணினா உனக்குப் பழைய பேரு தானா வந்துடும். அப்புறம் மறுபடியும் கல்யாணம் பண்ணி, ரெண்டு பேருக்கும் உன் குடும்பப் பேருன்னு எழுதிக் குடுக்கணும். நானும் அசாகிரி ஆயிடுவேன்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். 'இந்த வயசுல எதுக்குங்க, நீங்க கேட்டதே போதும்' என்று மாரி கண்கலங்குவார், அதோடு முடிந்துவிடும் என்பது அவர் கணக்கு.

"சரி" என்றார் மாரி. "புதன்கிழமை எனக்கு லீவு."

இரண்டு காரியத்துக்கும் சாட்சிக் கையெழுத்து வேண்டும். நாகாவோவும் காய்கறிக்கடைக்காரரும் போட்டார்கள். "ஒரே மேசையில பிரிச்சு வெச்சு சேர்த்தும் வெச்சது நாங்கதான்" என்று அவர்கள் கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டார்கள்.

புதன்கிழமை முதலில் விவாகரத்துத் தாளைக் கொடுத்தார்கள். பதிவாகக் கொஞ்சம் நேரம் ஆகும், உட்காருங்கள் என்றார்கள். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பெயரைக் கூப்பிட்டு, முடிந்தது என்று சொன்னபோது மாரி எழுந்து, "கொஞ்சம் வெளிய போய்ட்டு வரேன்" என்று போனார்.

அங்கேதான் ஷிகேஹாருவுக்கு விஷயம் உறைத்தது. இந்த நிமிஷத்தில் மாரி அவருக்கு யாரும் இல்லை. மாரியை அவர் கூப்பிட முடியும். வரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். கல்யாணத் தாள் மடியில் இருந்தது. அவர் உள்ளங்கை வேர்வையில் அதன் ஓரம் நெளிந்தது. கடைசியில் எழுந்து வாசலுக்கு ஓடினார்.

படிக்கட்டுக்குப் பக்கத்தில் நிழலில் நின்று மாரி ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன பண்ற இங்க?"

"அசாகிரி மாரி ஐஸ்கிரீம் சாப்பிடறா."

"உள்ள வா. இன்னொரு தாள் குடுக்கணும்."

"எதுக்கு?"

"எதுக்கா? கல்யாணத்துக்கு!"

"நீங்க இன்னும் என்னைக் கேக்கவே இல்லையே." மாரி ஐஸ்கிரீமை ஒரு நக்கு நக்கினார். "போன தடவையும் கேக்கல. டிப்போ மேனேஜர்தான் எங்கப்பாவைப் பார்த்துப் பேசினாரு. நீங்க தலையை ஆட்டினீங்க."

நகராட்சி வாசலில் ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்த ஒருவர் பூட்டுவதை நிறுத்திவிட்டார். ஷிகேஹாரு தொப்பியைக் கழற்றினார். எந்த விஷயத்தைப் பற்றியும் மூச்சு விடாமல் பேசக்கூடிய மனிதர் தொப்பியை இரண்டு கையாலும் சுழற்றினார்.

"என்னைக் கட்டிக்கிறியா... கட்டிக்கிறீங்களா?"

"அபிப்பிராயம் சொல்றதுக்கு முன்னாடி என்னையும் ஒரு வார்த்தை கேப்பீங்களா?"

"கேப்பேன்."

"அப்படியா" என்றார் மாரி. குச்சியைக் குப்பைத்தொட்டியில் போட்டார். கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார். "சரி, வாங்க. ஜன்னலை மூடிடப் போறாங்க."

அடுத்த ஒரு மாதம் ஷிகேஹாரு வரிசையில் நின்றார். ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, செல்பேசி, நூலக அட்டை. ஓர் இடத்தில் வாங்கிய தாள் இன்னோர் இடத்தில் செல்லவில்லை. வங்கியில் "அசாகிரி சான்" என்று கூப்பிட்டால் அவர் அசையவே மாட்டார். மாரி முழங்கையால் இடிக்க வேண்டும்.

"இதென்ன அநியாயம்!" என்று வங்கி நாற்காலியில் உட்கார்ந்து பொரிந்து தள்ளினார். "பேரை மாத்திக்கிட்டவன்தான் எல்லா இடத்துக்கும் அலையணுமா? இன்னொருத்தர் கால் மேல கால் போட்டு உட்கார்ந்திருக்கலாமா? இந்த நாட்டுல இதைப் பத்தி ஒருத்தன்கூடப் பேசறதில்ல பாரு!"

பக்கத்து நாற்காலிகளில் வரிசைக்குக் காத்திருந்த பெண்கள் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். மாரி கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, சுவரில் இருந்த டிவியில் சமையல் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார்.