இருபது கிலோவுக்குள் ஒரு மிதவை ஜாக்கெட்

கொழும்பு வெள்ளவத்தையில் கடல் என்பது பார்ப்பதற்கு உள்ள சாமான். சீனி வருத்தத்துக்காக மரைன் டிரைவில் நடக்கும்போது அதைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்வோம். ஃபிளாட் விற்கும்போது அதன் பெயரைச் சொல்லி விலையைக் கூட்டுவோம். கால் நனைத்தவர்கள் சிலரை எனக்குத் தெரியும். முழங்காலுக்கு மேல் நனைத்தவர் எவரையும் தெரியாது, என் மனைவி நாற்பத்தெட்டு வயதில் கல்கிசையில் சுழியோடும் வகுப்பொன்றில் சேரும் வரைக்கும்.

அவள் கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறாள். பிறருடைய ஆபத்தை வாழ்நாள் முழுக்கக் கணக்கிட்டவள் தனக்கென்று ஒன்றைத் தேடிக்கொண்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. எனக்கு நீந்தத் தெரியாது. கடலைப் பற்றி நிறைய வாசித்திருக்கிறேன்.

வகுப்பு அவளுக்குப் பிடித்தது. பிடிக்காதது வாடகை ஜாக்கெட். சுழியோடிகள் கை இல்லாத மேற்சட்டைபோல ஒன்றை அணிவார்கள். சிலிண்டர் அதன் முதுகில் பூட்டப்படும், உள்ளே ஒரு காற்றுப்பை இருக்கும். காற்றை ஏற்றினால் மிதக்கலாம், விட்டால் தாழலாம். வாடகைக்குக் கிடைத்தவை ஆறடி வெள்ளைக்காரருக்கென்று தைத்தவை. என் மனைவி ஐந்தடி. மேலே வந்து காற்றை நிரப்பினால் ஜாக்கெட் மட்டும் மிதக்கும், அவள் அதற்குள் தொங்குவாள். தோள்பட்டி காதுக்கு மேலே, வாயும் நாடியும் தண்ணீருக்குள்ளே. ஒரு சனிக்கிழமை அலையடிப்பில் நிறைய உப்புத்தண்ணீர் குடித்துவிட்டு வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்.

“அளவான ஜாக்கெட் ஒண்டு சொந்தமா இல்லாட்டி நான் இனி இறங்கேல்லை. மாலைதீவுக்கும் போகேல்லை.”

வகுப்புக்காரர் எல்லோரும் சேர்ந்து மாலைதீவுக்குப் போவதாக ஏற்பாடு. அவள் ஒன்றை விடுகிறேன் என்று சொன்னால் விட்டுவிடுவாள். நான் பயந்துபோனேன். கடலுக்கு அல்ல, சனிக்கிழமைகளில் அவள் முகத்தோடு வீட்டுக்கு வரும் அந்த வெளிச்சம் நின்றுபோய்விடுமே என்று.

ஆகவே ஆராய்ச்சியில் இறங்கினேன். விமானத்தில் இருபது கிலோதான் விடுவார்கள். துடுப்புக் காலணி, மூச்சுக்குழாய்ச் சாமான், நீருடுப்பு எல்லாம் போக, சாதாரண ஜாக்கெட் ஒன்றை வைத்தால் உடுப்புக்கு இடமில்லை. பயணத்துக்கென்றே மடித்து வைக்கக்கூடிய மெல்லிய ஜாக்கெட்டுகள் உண்டு. அவற்றைப் பற்றி உலகத்தில் எழுதப்பட்ட அத்தனை விமர்சனங்களையும் வாசித்து, எல்லாவற்றிலும் எடை குறைந்த ஒன்றைத் தெரிவு செய்து, கல்கிசையில் அந்தச் சாமான் விற்கும் கடைக்கு அவளைக் கூட்டிப்போனேன்.

அவள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

“இதில காற்றுப்பை சின்னன். ஆளை மேல கொண்டு வந்தா மட்டும் காணாதுங்கோ, சிலிண்டரோட சேர்த்து மேல வச்சிருக்கவும் வேணும்.”

“அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்கிறாங்களே?”

“போட்ட ஆக்களின்ர நாடி தண்ணிக்கு வெளியால இருந்திருக்கும்.”

இரண்டாவதில் காற்று முழுவதும் முதுகுப் பக்கம். மேலே மிதக்கும்போது ஆளை முகம் குப்புறத் தள்ளப் பார்க்குமாம். மூன்றாவதை அணிந்து, பட்டிகளை இறுக்கி, காற்றை முழுக்க நிரப்பினாள்.

“இப்ப பின்னால நிண்டு ரெண்டு தோள்பட்டியையும் பிடிச்சு மேல இழுங்கோ. ஜாக்கெட் தனிய வந்தா சரியில்லை.”

கடைக்காரர் உட்பட நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாண மேடையில்கூட நான் அவளைத் தொட இவ்வளவு கூச்சப்படவில்லை. இழுத்தேன். ஜாக்கெட் தனியே வரவில்லை, அதோடு சேர்ந்து மனைவியின் குதிக்காலும் உயர்ந்தது. என் முதுகில் ஏதோ பிடித்துக்கொண்டது. கடைக்காரர் சிங்களத்தில் “ஹரி, ஹரி” என்றார், சரி, சரி என்று. அது அவளுக்கா எனக்கா என்று நான் விசாரிக்கவில்லை.

அந்த மூன்றாவதையே வாங்கினோம். அதன் முதுகில் பலகை கிடையாது, வெறும் மெத்தென்ற துணி. சிலிண்டர் ஆடாமலிருக்க அதன் பட்டியை முதலில் தண்ணீரில் நனைத்துவிட்டு இறுக்க வேண்டும். காய்ந்தபடி இறுக்கினால் கடலுக்குள் போனதும் தளர்ந்துவிடும். அதை அவள் கடைக்காரரிடம் சொல்ல, அவர் தலையாட்டினார். சுருட்டினால் ஒரு தலையணை அளவு. சாதாரண ஜாக்கெட்டைவிட இரண்டு கிலோ குறைவு.

இந்த இரண்டு கிலோவை நான் என் வாயோடு வைத்திருந்திருக்கலாம். பெருமை தாங்காமல், கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

எங்கள் ஆட்களிடையே பயணம் என்றால் பார்சல். யார் எங்கே பறந்தாலும், அங்கே யாருக்காவது ஒருவர் ஏதாவது கொடுத்துவிடுவார். வேண்டாம் என்று எவரும் சொன்னதில்லை. தன் உடுப்பைக் குறைத்துக்கொள்வார்கள். அக்காவின் மகனுக்கு மாலைதீவில் ஒரு ஹோட்டலில் வேலை. பயணத்துக்கு முதல்நாள் அக்கா முச்சக்கர வண்டியில் வந்திறங்கினாள், இரண்டு கிலோவுக்கு ஒரு கிராம் குறையாத பொதியோடு. மிளகாய்த்தூள், அரிசிமா, முறுக்கு, பெரிய போத்தலில் மாசிச் சம்பல். மாசிக் கருவாடு மாலைதீவிலிருந்துதான் கொழும்புக்கு வருகிறது. அது சொந்த ஊருக்குத் திரும்பிப் போகக் காத்திருந்தது.

“தம்பி சொன்னவன், பெட்டியில ரெண்டு கிலோ மிச்சமெண்டு,” என்றாள் அக்கா.

மிச்சமிருக்கவில்லை. அந்த இரண்டு கிலோவில் மனைவி தன் உடுப்பை வைத்திருந்தாள். தராசில் பெட்டி இருபதைத் தொட்டுக்கொண்டு நின்றது. நான் குடும்பத்துச் சமாதானத்துக்காக வாயைத் திறந்தேன்.

“ஜாக்கெட்டை அங்க வாடகைக்கு எடுக்கலாம்தானே?”

மனைவி என்னைப் பார்க்கவேயில்லை. அக்காவின் பக்கத்தில் போய் இருந்தாள்.

“மச்சாள், குறை நினைக்காதேங்கோ. இதை என்னால கொண்டு போகேலாது.”

இருபத்திரண்டு வருடத்தில் என் அக்காவுக்கு எங்கள் வீட்டில் கிடைத்த முதல் ‘ஏலாது’ அது. நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

“கடலுக்க போட்டுக்கொண்டு போற உடுப்புக்கு இடமிருக்கு. என்ர பிள்ளையின்ர சாப்பாட்டுக்கு இடமில்லையோ?”

“ஓம் மச்சாள். இடமில்லை.”

சண்டையாகச் சொல்லவில்லை, நேரம் கேட்டவருக்கு நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு, வாடகை ஜாக்கெட்டில் தண்ணீர் குடித்த கதையைச் சொன்னாள். அக்கா அதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. நானும் சொல்லியிருக்கவில்லை, இரண்டு கிலோவைத்தான் சொல்லியிருந்தேன்.

அக்கா பெட்டியைத் திறந்து ஜாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

“அப்ப இதுதான் உம்மை மேல வச்சிருக்கிறதோ?”

“ஓம்.”

“உந்த விசரன் வாடகைக்கு எடு எண்டுறான்.” பொதியை எடுத்துத் தன் பக்கம் வைத்தாள். “பெடியன் ஹோட்டல்லதானே நிக்கிறான், பட்டினி கிடக்கமாட்டான். நீர் பார்த்துப் போயிட்டு வாரும்.”

தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகும்போது மிளகாய்த்தூளை மட்டும் எங்களுக்குத் தந்தாள். மாசிச் சம்பலைத் தரவில்லை. கோபம் இருந்தது என்றால் அந்த அளவுதான்.

மூன்றாம் நாள் மாலைதீவிலிருந்து ஒரு காணொளி வந்தது. வகுப்புத் தோழி ஒருத்தி படகிலிருந்து எடுத்தது. நீலத் தண்ணீர் உடைந்து, கறுப்புத் தலை ஒன்று மேலே வருகிறது. ஒரு கை காற்றை ஏற்றுகிறது. நல்ல அலை. ஆனால் ஜாக்கெட் தோளில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நாடி தண்ணீருக்கு மேலே, தாராளமாக. மூச்சுக்குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு, படகுக்காரர்களோடு ஏதோ கதைத்துச் சிரிக்கிறாள். கடலின் நடுவில், வரவேற்பறையில் இருப்பதுபோல.

அன்று பின்னேரம் மரைன் டிரைவில் எதிர்ப்பட்ட எவரையும் காணொளியைக் காட்டாமல் நான் போகவிடவில்லை. முகப்பழக்கம் மட்டுமே உள்ள ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் பார்த்தார்.

“ஆர் தம்பி இது, வெளிநாட்டு ஆளோ?”

“வெள்ளவத்தை ஆள்தான்,” என்றேன். “என்ர மனுசி.”