சுவரில் ஒட்டிய எக்ஸ்ரே

போர் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. சஞ்சிகையில் வந்த ஒரு படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தேன். கணவரின் நெஞ்சுப் படத்தை வாங்க வந்த அக்கா ஒருவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“தம்பி, இது ஆரின்ரை நெஞ்சு?”

“நெஞ்சில்லை அக்கா, தூரத்து நட்சத்திரக் கூட்டம். நடுவிலை கருந்துளை. அதைச் சுத்திக் கொதிக்கிற வாயுதான் எக்ஸ்ரேயிலை இப்பிடித் தெரியுது.”

“நடுவிலை கிடக்கிறதை எடுக்கேலாதோ?”

“ஏலாது.”

அவர் கையிலிருந்த படத்தைப் பார்த்தார். இதயத்தருகே ஷெல் துண்டு வெள்ளையாகத் தெரிந்தது.

“இவருக்கும் எடுக்கேலாதாம். அதை வைச்சுக்கொண்டு அந்தக் கூட்டம் எவ்வளவு காலமா இருக்குது?”

“கோடிக்கணக்கான வருசமா.”

அவர் முகம் தெளிந்தது. வெளியே போய், “பயப்பிடாதேங்கோ, அதோடையே இருக்கலாமாம்” என்று கணவரிடம் சொன்னார்.

அவர் சொன்னதைத் திருத்தக் கதவுவரை போனேன். எதைத் திருத்துவதென்று தெரியவில்லை. நான் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.