காத்திருப்புப் பட்டியலில் முதலாவது பெயர்

அந்தத் தாளில் இருந்த சொல்லை வகுப்பில் எவராலும் வாசிக்க முடியவில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தரங்கம்பாடியிலிருந்து ஒரு ஜெர்மன் பாதிரியார் தன் ஊருக்கு எழுதிய கடிதத்தின் நகல் அது. எழுத்துகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, ஒன்றோடொன்று கொளுவிக்கொண்டு, காற்றில் படுத்த புல்லைப்போல இருந்தன. பேராசிரியர் மேசை மேசையாக ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டு வந்தார். ஜெர்மனியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் தாளைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். "கணக்கப்பிள்ளை" என்றார். பாதிரியார் தன் காதில் விழுந்த தமிழ்ச் சொல்லை ஜெர்மன் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். வகுப்பு முழுவதும் விழித்தது. சிரித்த இன்னொரு ஆள் நான் மட்டுந்தான். கொலோனில் வரலாற்றில் முதுகலை படித்த அந்த முதல் வாரத்தில் நாங்கள் இருவரும் அப்படித்தான் ஒருவரையொருவர் கண்டுபிடித்தோம்.

அவர் மதுரைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர். என்னைவிட நான்கு வயது மூத்தவர் என்பதால் நான் அவரை அக்கா என்றே கூப்பிட்டேன். ஊரில் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக இருந்த வேலையை விட்டுவிட்டு, இந்தக் கடிதங்கள் ஜெர்மனியில் இருக்கின்றன என்ற ஒரே காரணத்துக்காக ஜெர்மன் படித்து இங்கே வந்திருந்தார். பாதிரிமார்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அவர்களுக்குச் சொல் சொல்லிக் கொடுத்த கணக்கப்பிள்ளைகளையும் சமையற்காரர்களையும் பற்றி எவரும் எழுதவில்லை என்பது அவருடைய ஆதங்கம். நானோ டோர்ட்மண்டில் வளர்ந்தவள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் யாழ்ப்பாணம். எனக்கு ஜெர்மன் வாயில் தண்ணீர்போல ஓடும். ஆனால் அந்தப் பழைய கையெழுத்தில் ஒரு வரி வாசிக்க அரை மணி நேரம் எடுப்பேன். அக்கா அதைப் பத்திரிகை வாசிப்பதுபோல வாசிப்பார், ஆனால் ரொட்டிக் கடையில் பாண் வாங்கப் போய், பேசத் தயங்கி விரலைக் காட்டி வாங்கிக்கொண்டு வருவார்.

மாணவர் விடுதியில் எங்கள் இருவருக்கும் ஒரே சமையலறை. ஆமாம் என்பதற்கு நான் சொல்லும் "ஓம்" அவருக்கு ஆரம்பத்தில் வேடிக்கையாக இருந்தது. அவருடைய "பா" எனக்கு. பெண்பிள்ளையை எதற்கு அப்பா என்கிறார் என்று முதல் மாதம் முழுக்க யோசித்திருக்கிறேன். முதுகலை முடிந்த பிறகு அவருக்கு வேலை தேடுவதற்கான விசா கிடைத்தது. ஒன்றரை ஆண்டு. அந்தக் காலத்துக்குள் உதவித்தொகையோடு முனைவர் பட்ட இடம் ஒன்று கிடைத்தால் இருக்கலாம், இல்லாவிட்டால் போகவேண்டும். நானும் அந்த நேரத்தில் விண்ணப்பித்துக்கொண்டிருந்தேன். என்னுடைய ஆய்வு ரூர் பிரதேசத்து நிலக்கரிச் சுரங்கங்களில் கணவனை இழந்த பெண்களைப் பற்றியது. அக்கா ஆறு இடங்களுக்குப் போட்டார், நான் இரண்டுக்கு. இருவரும் போட்டது ஒன்று. வடக்கே, ரயிலில் அரை நாள் தூரத்திலிருந்த ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு, பன்னிரண்டு இடங்கள்.

விண்ணப்பங்களை எழுதிய அந்தக் குளிர்காலம் கடினமாக இருக்கவில்லை. எழுதும்போது கையில் ஏதோ இருப்பதுபோல இருக்கும். அனுப்பிய பிறகுதான் வெறுங்கை. பரிந்துரைக் கடிதம் தருவதாகச் சொன்ன பேராசிரியர் மறந்துவிட்டார் என்று தெரிந்தபோது, நினைவூட்டி ஒரு மின்னஞ்சல் எழுதித் தரும்படி அக்கா என்னைக் கேட்டார். "கோவப்படாம, ஆனா அவசரம்னு புரியற மாதிரி, ஆனா அவசரப்படுத்தற மாதிரி இல்லாம" என்றார். அந்த அளவு பணிவுக்கு ஜெர்மனில் என்னிடம் சொல் இருக்கவில்லை. இரண்டு வரியில் நேராகக் கேட்டு அனுப்பினேன். கடிதம் கடைசி நாள் போய்ச் சேர்ந்தது.

பிறகு மறுப்புகள் வரத் தொடங்கின. எல்லாம் ஒரேமாதிரி இருக்கும். தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, ஏராளமான சிறந்த விண்ணப்பங்கள், எதிர்காலத்துக்கு வாழ்த்துகள். வெள்ளிக்கிழமை மதியத்துக்குப் பிறகுதான் அவை வருகின்றன என்பதை அக்கா கண்டுபிடித்தார். வேலையை முடித்துக்கொண்டு வார இறுதிக்குப் போகிறவர்கள் போகும்போது அனுப்பிவிட்டுப் போகிறார்கள் என்பது அவருடைய விளக்கம். அதனால் வெள்ளிக்கிழமைகளில் போனை அறையில் வைத்துவிட்டு டிராம் ஏறிக் கடைசித் தரிப்பிடம் வரைக்கும் போய், இறங்காமல், அதே டிராமில் திரும்பி வருவார். வந்து, சமையலறையில் கிடக்கும் பாத்திரம் முழுவதையும், என்னுடையதையும் சேர்த்து, கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் போனை எடுப்பார். நின்றபடியே வாசிப்பார். அவருடைய அப்பா அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அழைத்து, "ரிசல்ட் வந்துருச்சாம்மா?" என்று கேட்பார். "இது அந்த மாதிரி ரிசல்ட் இல்லப்பா, ஒவ்வொரு எடமா வரும்" என்று அக்கா விளக்குவார். அடுத்த ஞாயிறும் அதே கேள்வி வரும். ஐந்து மறுப்புகள் வந்து முடிந்தபோது மிஞ்சியிருந்தது நாங்கள் இருவரும் போட்ட அந்த வடக்கு இடம் மட்டும்.

அது வந்தது வெள்ளிக்கிழமை அல்ல, செவ்வாய்க்கிழமை காலை. விடுதியின் நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்திலிருந்து என் கட்டில் விரிப்பை எடுத்து, இருவரும் ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம். இரண்டு போன்களும் ஒன்றாக அடித்தன. நான் ஒற்றைக் கையால் எடுத்து வாசித்தேன். எனக்கு இடம் கிடைத்திருந்தது. பதினான்கு நாளுக்குள் பதில் தரவேண்டும். தலையை உயர்த்தினேன். அக்கா இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார். பிறகு போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். காத்திருப்புப் பட்டியலில் முதலாவது பெயர். "ரெண்டு பேருக்குமே நல்ல நியூஸ்தான் பா" என்றார். விரிப்பின் தலைப்பை விடவில்லை. முழுவதுமாக மடித்து, என் கூடையில் வைத்த பிறகு என்னைக் கட்டிப்பிடித்தார்.

எனக்கு அந்த இடம் உண்மையில் வேண்டியிருக்கவில்லை. டோர்ட்மண்டுக்குப் பக்கத்தில், என் சுரங்கப் பெண்களின் ஆவணங்கள் இருக்கும் ஊரிலேயே எனக்கு இன்னொரு விண்ணப்பம் இருந்தது. அதற்குப் பதில் மாதக் கடைசியில் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அது வந்தால் வடக்கை விட்டுவிடுவேன். விட்டால் அது அக்காவுக்கு. ஆனால் வருமா என்பது தெரியாது. எனக்குத் தரப்பட்ட பதினான்காம் நாளுக்கு ஒரு நாள் முன்னதாக அக்காவின் விசா முடிகிறது. இதையெல்லாம் நாட்காட்டியைப் பார்த்து ஒருவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை. இருவருக்கும் தெரியும்.

வார இறுதியில் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பிள்ளை, அது உனக்குத் தந்த இடம். மற்றதும் வராட்டி என்ன செய்வாய்? பிறகு உனக்கு ஆர் விட்டுத் தருவினம்?" அம்மாவில் பிழை இல்லை. அந்தக் கேள்வியை அம்மா கேட்கவேண்டும் என்றுதான் நான் வீட்டுக்கே போயிருந்தேன் என்று பின்னாளில் விளங்கியது.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, சமையலறையில், "அக்கா, உங்களோட ஒரு விசயம் கதைக்கவேணும்" என்று தொடங்கினேன். அவர் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"அதப் பத்தியா?"

"ஓம்."

"பேசாத. நீ பேச ஆரம்பிச்சா நான் கேட்டுருவேன் பா. கேட்டுட்டேன்னா, நீ குடுத்தாலும் கஷ்டம், குடுக்காட்டியும் கஷ்டம்."

பிறகு உப்பு எங்கே என்று கேட்டார். உப்பு அவர் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

விசா முடிவதற்கு முதல் நாள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் அவருக்கு டெர்மின், முன்கூட்டிக் குறித்த சந்திப்பு நேரம், இருந்தது. பதற்றத்தில் தன் ஜெர்மன் போய்விடும் என்று மொழிபெயர்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார். சின்ன வயதிலிருந்து அம்மா அப்பாவுக்காக இப்படிப்பட்ட மேசைகளுக்கு முன்னால் இருந்து பழகியவள் நான். அதிகாரி ஒரு நடுவயதுப் பெண், கடுமையானவர் அல்ல. மின்னஞ்சலை இரண்டு தரம் வாசித்தார். காத்திருப்புப் பட்டியல் என்பது அனுமதி அல்ல, அனுமதிக் கடிதம் இருந்தால் இப்போதே நீட்டித்துத் தருவேன் என்றார். பிறகு, சற்று யோசித்து, "இடம் கிடைக்குமா இல்லையா என்று எப்போது தெரியவரும்? ஏதாவது ஒரு திகதி சொல்ல முடியுமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் தமிழில் சொல்லவேண்டும். சொன்னேன். "எப்ப தெரியவருமாம் எண்டு கேக்கிறா, அக்கா." பதில் எனக்குள் இருந்தது. அன்றைக்கே, அந்தக் கதிரையில் இருந்தபடியே, போனை எடுத்து ஒரு வரி எழுதியிருந்தால் பதில் வந்திருக்கும். அக்கா என்னைப் பார்க்கவில்லை. மேசையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு, "தெரியாதுன்னு சொல்லு" என்றார். நான் ஜெர்மனில், தெளிவாக, பிழையில்லாமல், தெரியாது என்று சொன்னேன்.

மறுநாள் அவர் விமானம் ஏறினார். பாதிரிமார்களின் கடித நகல்களைக் கைப்பையில் வைத்துக்கொண்டார். உடுப்புகளில் பாதியை விடுதியிலேயே விட்டுவிட்டுப் போனார்.

அதற்கு அடுத்த நாள், என் தவணையின் கடைசி நாள், டோர்ட்மண்டுப் பக்கத்து இடம் எனக்குக் கிடைத்தது. கடிதத்தை முழுதாக வாசித்து முடிக்க முன்னமே வடக்குக்கு எழுதி அவர்களுடைய இடத்தை விட்டேன். அன்று மாலை அக்காவுக்கு அனுமதி போயிற்று. ஊரில் அப்போது அவர் இன்னும் பெட்டியைத் திறக்கவில்லை. புதிய விசாவுக்கு விண்ணப்பிக்க அவருக்குக் கிடைத்த முதல் நேரம் நவம்பரில். ஆய்வுக் குழு தொடங்குவது அக்டோபரில். எல்லோரும் ஒன்றாகத் தொடங்கவேண்டும் என்பது விதி. அக்கா எழுதினார். நான் அந்தக் குழுவின் ஒருங்கிணைப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து மன்றாடினேன். நல்ல மனிதர், குரலில் உண்மையான வருத்தம் இருந்தது, ஒன்றும் செய்ய முடியவில்லை. இடம் பட்டியலில் இரண்டாவது பெயருக்குப் போனது.

அக்கா எனக்கு ஒரு குரற்செய்தி அனுப்பினார். "லெட்டர பிரிண்ட் எடுத்து அப்பா கையில குடுத்தேன் பா. போக முடியாதுன்னு அப்புறம்தான் சொன்னேன். அவர் அதக் காதுலயே வாங்கல. பக்கத்து வீட்டுக்கெல்லாம் போயி ரிசல்ட் வந்துருச்சுன்னு சொல்லிட்டு வந்தாரு." பின்னணியில் அந்த மனிதர் யாருடனோ உரக்கப் பேசுவது கேட்டது. நான் அந்தச் செய்தியைப் பல தடவை கேட்டிருக்கிறேன். அக்காவின் குரலில் குற்றம் சாட்டுவது எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடியிருக்கிறேன். இல்லை. இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

இன்றைக்கு என் பெயருக்கு முன்னால் முனைவர் பட்டம் இருக்கிறது. சுரங்கப் பெண்களைப் பற்றி எழுதி முடித்தேன். ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை. அக்கா மதுரையில் ஒரு கல்லூரியில் மீண்டும் தற்காலிக விரிவுரையாளர். ஓய்வு கிடைக்கும்போது அந்தக் கடிதங்களைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறார். மாதத்தில் ஒரு தடவையாவது கதைப்போம். அந்தப் பதினான்கு நாளைப் பற்றி ஒருபோதும் கதைத்ததில்லை. அன்று இடம் கிடைத்தவர்கள் பன்னிரண்டு பேர், நான் அவர்களில் ஒருத்தி, மற்றப் பதினொரு பேரில் எவரும் விட்டிருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் அவர்களில் ஒருவரும் அக்காவோடு ஒரே அடுப்பில் சமைத்ததில்லை.

இந்த ஆண்டு முதன்முதலாக என்னையும் தேர்வுக் குழுவில் போட்டார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தால் காத்திருப்புப் பட்டியல் என்பது ஓர் அட்டவணையின் அடியில் சாம்பல் நிறம் பூசிய நான்கு வரி. முதலாவது வரியில் ஓர் இளம்பெண். அவருடைய விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில், விசா முடியும் திகதியைப் பணிவாகக் குறிப்பிட்டிருந்தார். இடம் கிடைத்தவர்களிடம் முடிந்தால் விரைவில் பதில் தரும்படி ஒரு வரி எழுதிக் கேட்கலாமா என்று தலைவரிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "அவர்களுக்குப் பதினான்கு நாள் கொடுத்திருக்கிறோம். நெருக்குவது நியாயமில்லை" என்றார். நியாயம்தான். ஐந்தாம் நாள் எனக்கு அப்படி ஒரு வரி வந்திருந்தால் நான் விட்டிருப்பேனா? கூட்டம் அடுத்த விடயத்துக்குப் போனது. நானும் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

நேற்று அக்காவை அழைத்தபோது, சொல்லக்கூடாது என்று நினைத்திருந்தும், அந்த முதலாவது வரிப் பெண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டேன். பெயரும் ஊரும் சொல்லவில்லை. அக்காவுக்குப் பின்னால் கல்லூரி நடைபாதையில் மாணவிகள் கூச்சலிட்டுக்கொண்டு போனார்கள்.

"அந்தப் பிள்ளைக்கு விசா முடிய எத்தன நாள் இருக்கு?"

"பதினொரு நாள், அக்கா."

"பதினொண்ணு." மெல்லச் சொன்னார். "இன்னும் டைம் இருக்கு பா. எடம் கெடச்சவங்கள்ல யாராச்சும் ஒருத்தர்…"

அங்கே மணி அடித்தது. கிளாஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டார்.