மூடிய குப்பை மேடும் அண்ணாச்சியின் கிணறும்

1. டிக் போட்ட காலம்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. சுற்றுச்சூழல் இன்ஜினீயரிங் படித்துவிட்டு, மம்சாபுரம் பக்கம் புல் முளைத்த ஒரு மேட்டைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறேனே என்று. ராஜபாளையம் வட்டாரக் குப்பையைப் பல வருடம் கொட்டி, பிறகு களிமண்ணும் பிளாஸ்டிக் விரிப்பும் மேல்மண்ணும் போட்டு மூடிய மேடு அது. உள்ளே குப்பை மக்கிக்கொண்டே இருக்கும். அதில் உண்டாகும் மீத்தேன் வெளியேற மேலே பதினொரு வென்ட் பைப்புகள்.

என் செக்லிஸ்டில் ஐந்து கேள்விகள்: மண் வெடித்திருக்கிறதா, மழைத்தண்ணீர் தேங்குகிறதா, செடி மரமாகிறதா, கசிவுநீர்த் தொட்டி நிறைந்ததா, பைப்புகள் நிற்கின்றனவா.

புல் வெட்டி, காவலும் பார்த்தவர் ஞானப்பூ அக்கா. நான் ஸ்கூட்டியை நிறுத்துவதற்குள் "சாப்பிட்டாச்சா மேடம்?" என்பார். மலைப்பக்கமிருந்து காற்று வரும். மயில்கள் எங்களுக்கு முன்பே மேட்டைச் சுற்றி முடித்திருக்கும். அந்தக் காலைகள் இப்போதும் மனதுக்குள் இருக்கின்றன. சுகமான வேலை என்று நினைத்துவிட்டேன். ஐந்தாவது கேள்விக்கு மட்டும் மேட்டில் ஏறாமல், ரோட்டிலிருந்தே பைப்புகளை எண்ணி டிக் போடத் தொடங்கினேன். அங்கிருந்து பார்த்தால் பைப் தெரியும், அதன் வாய் தெரியாது.

2. உரச்சாக்கு

மாதாந்திர வாயு அளவு எடுக்க ஒரு சித்திரைக் காலையில் மீட்டருடன் மேலே ஏறினேன். கிழக்கு ஓரத்து நான்கு பைப்புகளின் வாயிலும் உரச்சாக்கு இறுக்கிக் கட்டியிருந்தது.

"அக்கா, இது யாரு வேலை?"

"நாந்தான் மேடம். நாத்தம் வருதுன்னு பக்கத்துத் தோப்பு அண்ணாச்சி வீட்டக்கா தெனமும் ஏசுதாவ. பாவம், பிள்ளை பெத்த மக வந்திருக்கா. பத்து நாளா நாத்தமே இல்லன்னு முறுக்கு குடுத்து விட்டாவ."

மேலே வழியில்லாத வாயு மண்ணுக்குள் பக்கவாட்டில் நகரும். இதை நான் அக்காவிடம் சொன்னதேயில்லை. சாக்கை அறுக்கச் சொல்லிவிட்டு வேலிக்கு அப்பால் பார்த்தேன். அண்ணாச்சியின் தென்னந்தோப்புக் கிணற்றடியில் ஆட்கள் நின்றார்கள். மோட்டார் பழுது. அவருடைய மச்சினன் சுப்பையா இறங்குவதற்காக இடுப்பில் கயிறு கட்டியிருந்தார். அண்ணாச்சி வாளிக்குள் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்.

கிணற்றில் கெட்ட காற்று இருந்தால் விளக்கு அணையும் என்பது அவர்கள் வழக்கமான சோதனை. நல்ல சோதனைதான். ஆனால் மீத்தேன் இருந்தால் தீப்பிடிக்கும். ஓடினேன்.

"வெளக்கை அணைங்க அண்ணாச்சி! எறக்காதீங்க!"

"ஏம்மா, வெளக்கு பாக்காம ஆளை எப்படி எறக்க? எங்கய்யா காலத்துல இருந்து இப்படித்தான்."

"பாத்தியளா மச்சான், இஞ்சினீயர் பிள்ளைக்கு எம்மேல உள்ள பாசம் உங்களுக்கு இல்ல," என்றார் சுப்பையா.

"ஏலே, செத்த நேரம் சும்மா இரு."

விளக்கை அணைத்து அப்பால் வைத்த பிறகு மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். பாதிக் கிணறு தாண்டவில்லை, வீல் என்று கத்தத் தொடங்கியது. சுப்பையா இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார்.

"இது ஒங்க மேட்டுல இருந்தா வந்துச்சு?" அண்ணாச்சி கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி. பைப்பு மூடிக் கெடந்திருக்கு. நான் மேல ஏறிப் பாக்கல."

பின்னால் ஞானப்பூ அக்கா அழுதுகொண்டு நின்றார். சாக்கைக் கட்டியது அவர். ஆனால் அந்தப் பத்து நாளும் 'பைப்புகள் சரி' என்று கையெழுத்திட்டது நான். ரிப்போர்ட்டிலும் அப்படியே எழுதினேன்.

3. பிறகு செய்தவை

ப்ளோயர் வரவழைத்து மூன்று நாள் கிணற்றுக்குள் வெளிக்காற்றைச் செலுத்தினோம். மீட்டர் சத்தமில்லாமல் மேலே வந்த பிறகே, பாதுகாப்பு பெல்ட் மாட்டிக்கொண்டு சுப்பையா இறங்கினார். பைப்புகளை உயர்த்தியதும் நாற்றம் வீட்டுக்கு வராமல் மேலேயே கலைந்தது. தோப்புப் பக்கம் நகரும் வாயு வழியிலேயே மேலேறிவிடும்படி வேலியோரம் பள்ளம் வெட்டி ஜல்லி நிரப்பினோம். அக்கம்பக்கத்துக் கிணறுகள் செக்லிஸ்டில் ஆறாவது கேள்வியாயின.

இப்போது வேறு ஊரில் மேசை வேலை. மற்றவர்கள் அனுப்பும் டிக்குகளைப் படிக்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மூடிய மேட்டில் வேலை முடிந்திருக்காது, கண்ணுக்குத் தெரியாமல் நடந்துகொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு குடும்பம் நம் கையெழுத்தை நம்பிக் கிணற்றில் இறங்கும். எல்லாம் சரி என்று தாள் அனுப்புகிறவர்களுக்குத்தான் நான் முதலில் போன் செய்கிறேன்.