உள்ளே சாயும் கார்

வளைவில் திரும்புகிற காரின் உடம்பு வெளிப்பக்கம் சாயும். இடது பக்கம் திருப்பினால் வலது பக்கம் சாயும். இதைத் தெரிந்துகொள்ள யாரும் பொறியியல் படிக்க வேண்டியதில்லை. டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றவனுக்கெல்லாம் தெரியும். இந்த ஒரு விஷயத்தை சைகோனில் ஓர் அலுவலகத்துக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு என் எதிரிக்கும் வரக் கூடாது.

அந்த ஊரின் கான் ஹொய் பகுதியில், பழைய துறைமுகக் கிடங்குகளுக்கு நடுவே ஒரு கட்டடத்தின் மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. வெளிநாட்டுக்காரர் ஒருவருக்காகக் கார் பந்தய வீடியோ கேம் செய்துகொண்டிருந்தோம். கார் நிஜக் கார் மாதிரியே ஓட வேண்டும் என்பது பேச்சு. அந்த நிஜத்துக்கு நான்தான் பொறுப்பு. டயர் எவ்வளவு சூடானால் எவ்வளவு பிடிக்கும், பிரேக் அடித்தால் எடை எப்படி முன்னால் இறங்கும் என்று கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. அதே காரை முழு வேகத்தில் கொண்டுபோய்ச் சுவரில் இடித்தால் ஒரு கீறல் விழாது, ஓட்டுகிறவனின் தலைமுடி கலையாது. அந்த நிஜம் யாருக்கும் வேண்டாமாம். நொறுங்கிப்போன காரைப் பார்க்க எவன் காசு கொடுப்பான் என்றார் முதலாளி. டயர் மட்டும் நிஜமாகச் சூடாக வேண்டும்!

என் மனைவியும் மகளும் காரைக்குடியில் இருந்தார்கள். கேமை ஒப்படைத்ததும் அவர்களை இங்கே வரவழைக்க ஏற்பாடு செய்வதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். ஒரு வருஷத்தில் முடிய வேண்டிய கேம் இரண்டாவது வருஷத்திலும் இழுத்துக்கொண்டிருந்தது. தினமும் சாயங்காலம் போனில் மகள் கேட்பாள்.

"அப்பச்சி, கேம் முடிஞ்சிருச்சா?"

"இன்னும் கொஞ்சந்தான் ஆத்தா."

அந்தக் கொஞ்சம் முடியாமல் போனதற்குக் காரணம் எங்கள் டெஸ்டிங் கூட்டம். கேமை ஓட்டிப் பார்த்துக் குறை சொல்வது அவர்கள் பிழைப்பு. நல்ல பிள்ளைகள்தான், மத்தியானம் என்னைப் பட்டினி போட்டதில்லை. ஆனால் அத்தனை பேரும் தாய் வயிற்றில் இருக்கும்போதே மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றியவர்கள். ஒருவர் வீட்டிலும் கார் கிடையாது. அவர்கள் சொன்ன முதல் குறை, காரில் ஹாரன் இல்லை. அடுத்தது, சாலையில் யாருமே குறுக்கே வருவதில்லை, எனவே இது நிஜம் இல்லை. பந்தய மைதானத்தில் சூப் விற்கிற அம்மாளா வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவாள் என்று கேட்டேன். ஏன் வரக் கூடாது என்றார்கள்.

மூன்றாவது குறைதான் என் தலையில் விழுந்தது. டெஸ்டிங் கூட்டத்துக்குத் தலைவியாக ஒரு பெண் இருந்தாள். வயதில் மூத்தவன் என்பதால் என்னை 'ஆன்' என்பாள்; அவர்கள் பாஷையில் அது நம்ம 'அண்ணே'தான்.

"ஆன், வளைவுல கார் தப்பான பக்கம் சாயுது. எல்லாருக்கும் பயமா இருக்கு. கவுந்துரும்போல இருக்கு."

"கார் அப்படித்தான் சாயும்."

"வண்டி உள்பக்கமில்ல சாயணும்?"

"அது பைக்!"

"வண்டின்னா வண்டிதானே ஆன்?"

செவிடன் காதில் ஊதிய சங்குதான். பலகையில் படம் போட்டேன். அம்புக்குறி போட்டேன். பொம்மைக் கார் ஒன்றை வாங்கிவந்து மேஜைமேல் உருட்டினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், மறுநாளும் அதே குறையை எழுதிவைத்தார்கள். கடைசியில் ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் ஏழு பேர் உட்காருகிற டாக்சி ஒன்றைப் பிடித்து எல்லாரையும் அடைத்துக்கொண்டு பென் தான் சந்தைக்குப் போனேன். சந்தை வாசலில் அப்போது பெரிய ரவுண்டானா இருந்தது. அதையே சுற்றிக்கொண்டிருக்கச் சொன்னதும் டிரைவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். மீட்டர் ஓடுகிறது என்று சொன்ன பிறகு சந்தோஷமாகச் சுற்றினார்.

கார் இடது பக்கமாக வளைந்தது. நான் வலது பக்கக் கதவோடு போய் ஒட்டிக்கொண்டேன். "இப்ப தெரியுதா?" என்று திரும்பிப் பார்த்தால், அத்தனை பேரும் பைக்கில் போகிற பழக்கத்தில், தோளும் தலையுமாக இடது பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள்! ஒருத்தன்கூடப் பிசகவில்லை.

"பாத்தீங்களா ஆன், உள்பக்கந்தான் சாயுது" என்றாள் தலைவி.

"சாயுறது காரில்லம்மா, நீங்க!"

"நாங்க காருக்குள்ளதானே இருக்கோம்?"

டிரைவரும் அவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டார். நான் நேரே ஊருக்குள் இருக்கிற முருகன் கோயிலுக்குப் போனேன். எங்கள் ஆட்கள் அந்தக் காலத்தில் வட்டிக்கடை வைக்க வந்து கட்டிய கோயில். முருகா, இந்தப் பிள்ளைகளுக்குப் புத்தியைக் கொடு என்று வேண்டிக்கொண்டேன். எனக்கு என்று எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

அவர்களாவது சும்மா இருந்தார்களா? தங்களுக்குப் பிடித்த மாதிரி கார் உள்ளே சாயும்படி இன்னொரு கேம் செய்து, பாதை, கேமரா, கையில் பிடிக்கிற கருவியின் அதிர்வு எல்லாவற்றையும் அதற்குத் தோதாக முடித்தே விட்டார்கள். முதலாளிக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. என் கையெழுத்து இல்லாமல் அதை அனுப்ப முடியாது. நான் போட மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டேன். தப்பு தப்புதானே?

அந்தச் சமயத்தில்தான் என் மனைவி பத்து நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். மகளுக்குப் பரீட்சை, ஊரில் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது மனைவிதான். தினமும் தேவகோட்டைக்கு வேலைக்கு ஓட்டிக்கொண்டு போய் வருவாள். எனக்கு லைசென்ஸ்கூடக் கிடையாது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கியர் மாற்றுவது சரியில்லை என்று சொல்வதோடு சரி.

இதைப் பேச்சுவாக்கில் அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். முதலாளி பிடித்துக்கொண்டார். "நிஜமா கார் ஓட்டுறவங்க இங்க ஒருத்தரும் இல்ல. உங்க மனைவி சொல்றதுதான் தீர்ப்பு. சம்மதமா?"

சம்மதமாவது! பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது எனக்கு.

மறுநாள் அவளை அழைத்துப்போனேன். எல்லாரும் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேஜையில் பொருத்தியிருந்த ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்தாள். முதலாளி பொறுமையாக இங்கிலீஷில் விளக்கினார். முதல் கார் வெளியே சாயும், உங்கள் கணவர் செய்தது. அதுதான் சரி என்றால் மற்றதையெல்லாம் அதற்கேற்ப மாற்ற இன்னும் ஆறு மாதமாவது ஆகும். இரண்டாவது கார் உள்ளே சாயும். அது சரி என்றால் இந்த வாரமே அனுப்பிவிடலாம். எது நிஜக் கார் மாதிரி இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

என் காரை அவள் ஓட்டிய அழகை எப்படிச் சொல்வது! ஒரு வளைவில்கூடத் தடுமாறவில்லை. பாதி தூரம் போனதும் ஒற்றைக் கையால் ஓட்ட ஆரம்பித்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உள்ளே சாயும் காரில் ஏறியதும் முதல் வளைவிலேயே சுவரில் முட்டினாள். அடுத்த வளைவில் புல்தரையில் இறங்கினாள். நான் டெஸ்டிங் பிள்ளைகளைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டேன்.

அவள் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு எழுந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரெண்டாவது கார்தான்" என்றாள் இங்கிலீஷில். "அதுதான் நிஜம் மாதிரி இருக்கு."

பிள்ளைகள் கை தட்டினார்கள். தலைவி ஓடிவந்து என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். முதலாளி பேனாவின் மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். ஊரார் முன்னால் வாக்குக் கொடுத்தாயிற்று, வேறு வழி? கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்து பாலத்தடியில் ஒரு கடையின் பிளாஸ்டிக் ஸ்டூல்களில் உட்கார்ந்தோம். ஐஸ் போட்ட பால் காப்பி வந்தது. நான் என் டம்ளரைத் தள்ளிவைத்தேன்.

"தினம் கார் ஓட்டுறவதானே நீ? எந்த ஊர்ல கார் உள்ள சாயுது? சொல்லு."

"எந்த ஊர்லயும் சாயாது."

"பெறகு?"

"உங்க கணக்குத்தான் சரி. மொத வளைவுலயே தெரிஞ்சிருச்சு. தேவகோட்டை ரோட்டுல போற மாதிரியே இருந்துச்சு."

எனக்குச் சந்தோஷப்படுவதா கத்துவதா என்று தெரியவில்லை. கத்தினேன். "தெரிஞ்சுமா அப்படிச் சொன்னே? அத்தனை பேர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியே! தப்பான காரை சரின்னு சொல்ல உனக்கு எப்படி வாய் வந்துச்சு?"

அவள் காப்பியைக் கலக்குவதை நிறுத்தினாள்.

"ஆறு மாசம்னு அந்த மனுசன் சொன்னது உங்க காதுல விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு. அதுக்காக..."

"நீங்க பிடிச்ச முயலுக்கு மூணு கால்னு ரெண்டு வருசமா நிக்கிறீக. காரு எந்தப் பக்கம் வேணும்னாலும் சாஞ்சிட்டுப் போகட்டும். புள்ளைக்கு முன்பல்லு விழுந்து, இப்பப் புதுப்பல்லும் முளைச்சிருச்சு. அந்தப் பொக்கை வாயை நீங்க போன்லதானே பாத்தீக?"