எங்கள் நைனாவின் கல்லில் எழுத வேண்டியது

கர்த்தருக்குள் நித்திரையடைந்த எங்கள் தந்தையாரை ஆம்பூர்க் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் சபையாருக்கும் நண்பர்களுக்கும், அம்மாவின் சார்பிலும் என் சார்பிலும் ஸ்தோத்திரம். வீட்டில் அவரை நைனா என்றுதான் கூப்பிட்டோம். இங்கும் அப்படியே எழுதுகிறேன். வேறு விதமாக எழுதினால் வேறு யாரையோ பற்றி எழுதுவது போல் இருக்கிறது.

நைனாவின் கல்லறைக்குக் கல் வந்துவிட்டது. பெயரும் ஊரும் பொறித்தாயிற்று. அதன் கீழே, ஓய்வுநாளை ஆசரிக்கச் சொல்லும் கட்டளையைப் பொறிக்கலாம் என்று சபை மூப்பர்கள் அன்போடு சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போக மறுத்து, அதனால் மேஸ்திரி வேலையை இழந்த விசுவாசி என்றுதான் நைனாவை எல்லோரும் அறிவார்கள். நான் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. கல்தச்சர் இரண்டு முறை வந்து திரும்பிப் போய்விட்டார்.

நான் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் வேலை பார்க்கிறேன். பயிற்சியின் முதல் நாளே எங்களுக்குச் சொல்லப்பட்டது இது: சீட்டு இல்லாத புட்டியை அலமாரியில் வைக்காதே, தப்பான சீட்டு ஒட்டிய புட்டியை அறைக்குள்ளேயே வைக்காதே. நைனாவின் மேல் ஒரு தப்பான சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. தெரிந்தும் நான் பத்து வருஷத்துக்கு மேல் அதைக் கிழிக்காமல் இருந்தேன். மூப்பர்களுக்கு என் பதிலை இந்தக் கட்டுரையில்தான் சொல்கிறேன்.

நைனா பிறந்தது காவேரிப்பாக்கம் ஏரிக்குக் கிழக்கே ஒரு சேரியில். தாது வருஷப் பஞ்சத்தில் பாதி உறவை இழந்த குடும்பம். பஞ்சத்துக்குப் பிறகு ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஏரி வற்றிய ஒரு கோடையில் அவருடைய பெற்றோர் வேலை தேடி ஆம்பூருக்கு நடந்தே வந்தார்கள். இங்கே அவர்களுக்குக் கிடைத்தது தோல் பதனிடும் ஷாப்பு வேலை. நைனாவும் மீசை முளைக்கும் முன்பே, தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கிவிட்டார். படிப்பு என்று எதுவும் இல்லை. ஜெப வீட்டில் எழுத்துக் கூட்டி வேதம் வாசிக்கக் கற்றதுதான் அவர் கற்றது. நாட்றம்பள்ளியிலிருந்து அம்மாவைக் கல்யாணம் செய்து வந்தார். மூன்று பிள்ளைகளில் நான் ஒருத்திதான் மிஞ்சினேன்.

அவருடைய உடைமைகளை எழுதிவிடுகிறேன். வேட்டி மூன்று. அதில் ஒன்று சபைக் கோவிலுக்கு மட்டும். வேதப் புஸ்தகம் ஒன்று. தோல் வழிக்கும் கத்தி ஒன்று. வேப்பெண்ணெய்ப் புட்டி ஒன்று.

அந்தப் புட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுண்ணாம்பில் நின்றவர்களின் காலும் விரலிடுக்கும் வெடித்துப் புண்ணாகும். சாயங்காலம் எல்லோரும் கால் கழுவியதும் நைனா புட்டியோடு வரிசையாகக் குந்தி, ஒவ்வொருவர் காலிலும் எண்ணெய் தேய்ப்பார். மேஸ்திரியான பிறகும் அதை விடவில்லை. அவருக்குக் கீழே வேலை செய்த முனுசாமி மாமா, மாரியம்மன் கோவிலில் தீ மிதிக்கிறவர், காலை இழுத்துக்கொள்வாராம்.

"மேஸ்திரி, நீ போய் என் காலைத் தொடறியே, நல்லாவா இருக்குது?"

"நெருப்புல நடக்கற காலு, சுண்ணாம்புக்குப் பயப்படுதே. அதான் தடவிக் குடுக்கறேன்" என்பாராம் நைனா.

எங்கள் ஷாப்பு முதலாளி ஒரு பெரிய சாயபு. அங்கே விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். சுண்ணாம்புத் தொட்டிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தோல் ஊறியது போதுமா என்று மேஸ்திரி கை வைத்துப் பார்த்து, "தூக்கு" என்று சொன்ன பிறகுதான் தூக்க வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது. அரை நாள் தாமதித்தாலும் புதுச் சுண்ணாம்பு தோலின் மேல்முகத்தைத் தின்றுவிடும். ஆகையால் ஞாயிறு தோறும் நைனா விடியற்காலையில் ஷாப்புக்குப் போய், தோலைத் தூக்கச் சொல்லிவிட்டு, பாலாற்று ஊற்றில் சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டு, இரண்டாம் பாட்டுக்குப் பிறகு கோவிலுக்குள் வருவார். வாசலோரக் கடைசி பெஞ்சில் உட்காருவார். எத்தனை குளித்தாலும் தோல் வாசனை போகாது. முன் பெஞ்சுகளில் சிலர் கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோவார்கள். அது நைனாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

முதல் நற்கருணை பெறச் சபையில் சேர்க்கும் திடப்படுத்தல் எனக்கு நடந்த வருஷம் என் வயது பதினான்கு. போர்டிங் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் நான் நைனாவிடம் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"நைனா, நாளைக்கு மட்டும் ஷாப்புக்குப் போகாத. மொதல் மணிக்கே வந்துடு."

"ஏம்மா, தூக்கச் சொல்லிட்டு ஓடி வந்துடறேனே."

"வேணாம். நீ வந்தா எல்லாரும் மூக்கைப் பொத்திக்கறாங்க. எனக்கு வெக்கமா இருக்குது."

அம்மா அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தார்கள். நைனா கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"சரிம்மா. நாளைக்கு நைனா மணக்க மணக்க வர்றேன் பாரு."

அப்படியே வந்தார். இரண்டு முறை குளித்து, கோவில் வேட்டி கட்டி, காதில் மல்லிகை செருகி முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். தோலைத் தூக்கச் சொல்லி முனுசாமி மாமாவுக்கு ஆள் அனுப்ப மறந்துவிட்டார். ஆராதனை நீண்டது. அதன் பிறகு விருந்து. நைனா தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் சாய்ந்துவிட்டது. அந்தத் தொட்டியில் இருந்த தோல் முழுவதும் கெட்டுவிட்டது.

நைனாவை மேஸ்திரி வேலையிலிருந்து இறக்கிவிட்டார்கள் என்று மட்டும்தான் வீட்டில் எங்களுக்குத் தெரியும். எப்படி என்பதை அடக்கத்தன்று முனுசாமி மாமா எனக்குச் சொன்னார். ஞாயிறு மத்தியானம் சாயபு வந்தபோது, மாமா தொட்டியோரம் மேஸ்திரிக்காகக் காத்துக் குந்தியிருந்தார். தோல் கெட்டிருந்ததைப் பார்த்த சாயபு அவரை அப்போதே வெளியே அனுப்பிவிட்டார்.

"மேஸ்திரி வரலைன்னு நீங்க சொல்லலையா, மாமா?" என்று கேட்டேன்.

"பொண்ணு விசேஷத்துக்குப் போன மனுசனை எப்படிக் கண்ணு காட்டிக் குடுக்கறது? வாயை மூடிக்கினு போய்ட்டேன்."

மறுநாள் காலை நைனா முனுசாமி மாமாவை வீட்டிலிருந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாயபுவின் முன்னால் போய் நின்றாராம்.

"அவன் இல்லீங்க, நான்" என்றாராம்.

சாயபு நல்லவர். நைனாவை இழக்க அவருக்கு மனமில்லை. "சும்மா இரு மேஸ்திரி. ஒனக்கு இன்னா வந்துது? அவன் போய்ட்டான், பேஜார் முடிஞ்சிது" என்றாராம்.

"நான் வந்து சொல்லாம அவன் எப்படிங்க தூக்குவான்? அவன் இல்லீங்க, நான்."

நாலு பேர் முன்னால் இரண்டாம் முறையும் சொன்னதால் சாயபுவால் விட முடியவில்லை. "அப்போ நீ எறங்கு தொட்டிக்கு" என்றார். நைனா மேல்துண்டை அவிழ்த்து வைத்துவிட்டு அங்கேயே இறங்கினார். இடுப்பளவு சுண்ணாம்பில் நின்றுகொண்டு, "முனுசாமியையும் வேலையில சேத்துக்கங்க" என்று கேட்டாராம். சாயபு சேர்த்துக்கொண்டார். முனுசாமி மாமா மட்டும் கடைசி வரையில் நைனாவை மேஸ்திரி என்றே கூப்பிட்டார்.

இதுதான் நடந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகாததால் வேலை இறங்கியது என்ற பேச்சு சபைக்கு வந்து சேர்ந்தது. அப்போதைய போதகர் ஐயா அதைப் பிரசங்கத்தில் சொல்லி, நைனாவை விளக்குத் தண்டின் மேல் வைத்த விளக்கு என்றார். ஆராதனை முடிந்ததும் நைனா அவரிடம் போனார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"அப்படி இல்லீங்க ஐயா. மத்த ஞாயித்துக்கெழமை எல்லாம் போனவன்தானே நான்."

போதகர் ஐயா அவர் தோளில் தட்டி, "உமக்குத் தாழ்மை ஜாஸ்தி" என்று சிரித்தார். நைனா இன்னும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்லத் தாழ்மைதான் வளர்ந்தது. அன்று போக வேண்டாம் என்று சொன்னது நான் என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவையும் சொல்ல விடவில்லை. நானும் சொல்லவில்லை. முன் பெஞ்சுக்காரர்கள் இப்போது எங்களுக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்கள். வேலூரில் பயிற்சிக்கு எனக்குக் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தில், ஓய்வுநாளுக்காக வேலை இழந்தவரின் மகள் என்று ஒரு வரி இருந்தது. நான் அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நைனா பத்து வருஷம் தொட்டியில் நின்றார். சென்ற வருஷம் வலது முழங்காலுக்குக் கீழே ஒரு வெடிப்பு ஆறாமல் புண்ணானது. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தேன். கொண்டுவந்தவை: கார்பாலிக் கரைசல், போரிக் தூள், அயோடின், கட்டுத்துணி. எல்லாம் சரியான அளவில்தான் கலந்தேன். காய்ச்சலை நாளுக்கு நான்கு முறை அளந்து தாளில் கோடாக வரைந்தேன். ஐந்தாம் நாளிலிருந்து அந்தக் கோடு இறங்கவே இல்லை. விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்பதை டாக்டரம்மா சொல்லும் முன்பே என் மூக்கு எனக்குச் சொல்லிவிட்டது.

ஏழாம் நாள் காலை நான் கட்டைப் பிரித்தபோது நைனா காலைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நாத்தம் அடிக்குதாம்மா? நீ அந்தப் பக்கம் போய்க் குந்து. அம்மா கட்டுவா."

"இல்ல நைனா. ஒண்ணும் அடிக்கல."

அது பொய். அப்போது நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு. சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கட்டும், எழுந்ததும் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவருக்குத் தெளிவான நினைவு வரவில்லை. ஒன்பதாம் நாள் கோவில் முதல் மணி அடிக்கும்போது போய்விட்டார். அன்று ஞாயிற்றுக்கிழமை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். தாமாகவே வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்த டாக்டரம்மா. ஒன்பது நாளும் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பக்கத்து வீட்டுச் சகோதரிகள். அடக்கத்துக்கு வேலை நாளில் ஷாப்பை மூடி, தாமும் வெயிலில் கல்லறை வரையில் நடந்த பெரிய சாயபு. ஜெபித்த போதகர் ஐயா. முனுசாமி மாமாவும் அவரோடு வந்த ஐந்து பேரும் தொட்டியிலிருந்து நேரே, சுண்ணாம்பு காயாத காலோடு வந்து நைனாவைத் தூக்கினார்கள். கோவிலுக்குள் அவர்கள் கடைசி பெஞ்சைத் தேடிப் போனார்கள். நான் முதல் பெஞ்சிலிருந்து எழுந்து போய் அவர்களோடு உட்கார்ந்தேன். நைனா உயிரோடு இருந்தபோது நான் செய்யாதது அது.

இனி கல்லைப் பற்றி. நைனா ஓய்வுநாளை நேசித்தார். அதில் பொய் இல்லை. ஆனால் அவர் மேஸ்திரி வேலையை விட்டது அதற்காக அல்ல. தன் தப்புக்கு இன்னொருவன் தண்டனை அனுபவிக்கக் கூடாது என்பதற்காக. அவருடைய வெளிச்சம் என்று நான் அறிந்தது அது ஒன்றுதான். ஆகையால் மூப்பர்கள் தயவுசெய்து அந்தக் கட்டளைக்குப் பதிலாக, சாயபுவின் முன்னால் அவர் இரண்டு முறை சொன்னதைப் பொறிக்க அனுமதிக்க வேண்டும். மூன்றே சொல். சின்னக் கல்லுக்கும் பொருந்தும். தப்பை ஒப்புக்கொள்ளும் பேச்சு கல்லறைக்கு ஆகாது என்று தீர்மானித்தால், பெயரோடு விட்டுவிடுங்கள். எங்களுக்கு வருத்தமில்லை.

எப்படியானாலும் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை தொட்டிக்கு மேஸ்திரி வராமல் போனதற்குக் காரணம் யார் என்று இனி எவராவது கேட்டால், நைனாவைச் சொல்லாதீர்கள். அவர் இல்லீங்க, நான்.